குஞ்சு பொரிக்க ஓர் இடம்: இனப்பெருக்க வாழிடம் என்றால் என்ன?

மழை விட்ட வாரத்தில் கொழும்பின் எந்த ஒழுங்கையிலும் இதைப் பார்க்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேற்றைத் தட்டி உள்ளே வருகிறார். வந்தவர் பறக்கும் நுளம்பைத் தேடுவதில்லை. பூச்சாடியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கிறார். கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுத்துக் காட்டச் சொல்கிறார். பின்வளவில் கிடக்கும் சிரட்டையையும் யோகட் கோப்பையையும் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவர் தேடுவது நுளம்பு பெருகும் இடத்தை.

டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிடும் விதத்தைக் கொஞ்சம் கவனித்தால் அவர் ஏன் அப்படித் தேடுகிறார் என்பது விளங்கும். சிறிய பாத்திரங்களில் தேங்கிய, ஓரளவு தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். முட்டையை அது நீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கறுப்புத் துகள்களாக ஒட்டிவிட்டுப் போகிறது. நீர் வற்றிப்போனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு நீர்மட்டம் உயர்ந்து அவற்றை நனைத்ததும் புழு வெளியே வரும். ஒரு வாரம், பத்து நாளில் அது நுளம்பாகிப் பறந்துவிடும். நீரை ஊற்றினால் மட்டும் போதாது, சாடியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வளர்ந்த நுளம்புக்கு அந்தச் சாடி தேவையில்லை. அது திரைச்சீலைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் இருந்துகொள்ளும். ஆனால் சாடி இல்லாவிட்டால் அதற்கு அடுத்த தலைமுறை இல்லை. 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 186,000 பேருக்கும் மேல் டெங்குக் காய்ச்சல் கண்டபோது, ஊரெங்கும் நடந்த சிரமதானங்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையை நம்பித்தான் நடந்தன: பெருகும் இடத்தை எடுத்துவிட்டால், உயிரைத் தொடாமலே அதன் கூட்டத்தைக் குறைத்துவிடலாம்.

ஓர் உயிரினம் துணை தேடி, முட்டையிட்டு அல்லது குட்டி ஈன்று, அவை தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும் வரை வளர்ப்பதற்கு வேண்டிய எல்லாம் கூடியிருக்கும் இடத்தை இனப்பெருக்க வாழிடம் என்கிறோம். நுளம்புக்குப் பூச்சாடித் தட்டு. ஒரு சதுப்புநிலப் பறவைக்கு அல்லி படர்ந்த ஆழமற்ற நீர். கிளிக்குப் பட்டுப்போன தென்னையில் ஒரு பொந்து. நுளம்புக்கு நாம் தெரிந்தே செய்வதை, நாம் விரும்பிப் பார்க்கும் எத்தனையோ உயிர்களுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம். யாரும் அவற்றைச் சுடவில்லை, கண்ணி வைக்கவில்லை. கரைக்குக் கொங்கிறீட் போட்டோம், பட்ட மரத்தைத் தறித்தோம், பற்றையை வெட்டி வெளியாக்கினோம். அவ்வளவே போதுமாக இருந்தது. இந்த நகரத்தின் உயிர்களை நேசிக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இரை தேடும் இடமும் ஈனும் இடமும்

ஒரு விலங்கை ஓரிடத்தில் அடிக்கடி கண்டால், அது அங்கேதான் பெருகுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் அது சரியாக இருக்காது.

ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் பிறந்தால் கொழும்பின் மரமடர்ந்த வளவுகளில் காலையிலும் மாலையிலும் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாகச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். ஏப்ரல் வரை இங்கே இருக்கும். ஆனால் இந்தத் தீவில் நாம் அதன் கூட்டைத் தேடுவது வீண். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் பருவமழை பிடிக்கும்போதுதான் அது கூடு கட்டுகிறது. கொழும்பில் குடியிருக்கும் பெண் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு தேடி ஊருக்குப் போவதுபோல, இந்தச் சிறு குருவி ஆண்டுதோறும் கடல் தாண்டிப் போய் வருகிறது. இரண்டு இடங்களில் எது கெட்டாலும் குருவி குறையும். நம் வளவில் சருகும் நிழலும் இருந்து, அங்கே காடு போய்விட்டால், ஒரு ஒக்டோபரில் அந்தச் சீழ்க்கை கேட்காது.

இறாலின் கதை இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. நீர்கொழும்பு இறாலைச் சுவைத்த எல்லோரும் அது களப்பிலேயே பிறந்தது என்று நினைத்திருப்போம். நாம் வாங்கும் பெரிய இறாலினங்கள் முட்டையிடுவது கடலில். பொரித்துவரும் நுண்ணிய குஞ்சுகள் நீரோட்டத்தோடும் பெருக்கோடும் களப்புக்குள் புகுந்து, கண்டல் மரங்களின் வேர்களுக்கு இடையிலும் கடற்புல்லுக்குள்ளும் ஒளிந்து வளர்கின்றன. வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்பி அங்கே முட்டையிடுகின்றன. ஆகவே இறால் பெருகுவதற்குக் கடல் மட்டும் போதாது, களப்பு மட்டும் போதாது, இரண்டையும் இணைக்கும் களப்பு வாய் திறந்திருக்கவும் வேண்டும். கண்டலை வெட்டினால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. குஞ்சு ஒளிய இடமில்லாமல் மீனின் வயிற்றுக்குப் போகும்.

கடலாமையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். உலகின் ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்தாலும், முட்டைக்கு அவற்றுக்கு மணல் வேண்டும். மணலின் வெப்பம்தான் பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ரயில் பாதையைக் காக்கக் கருங்கல் குவித்த கரையில் நடந்து பாருங்கள். ஆமைக்குக் குழி தோண்ட மணல் எங்கே இருக்கிறது?

அல்லி இலையில் ஒரு கூடு

முன்பு சொன்ன சதுப்புநிலப் பறவையான இலைக்கோழியை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். இனப்பெருக்க வாழிடம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அவர்களைத் தலங்கம குளக்கரைக்கு அழைத்துப் போய் இந்தப் பறவையைத்தான் காட்டுவேன்.

நீளவால் இலைக்கோழிக்குக் கால்விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு நீளம். அந்த விரல்களை விரித்து, அல்லி இலைமேலும் தாமரை இலைமேலும் அமிழாமல் நடக்கும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் உடல் கருங்கபில நிறமாகி, வெள்ளைச் சிறகும் பொன் நிறப் பிடரியும் வளைந்த நீண்ட வாலும் வந்துவிடும். இங்கே பெண் பெரியது, ஆண் சிறியது. ஒரு பெண், தன் எல்லைக்குள் இருக்கும் பல ஆண்களோடு ஒருவர் பின் ஒருவராகச் சேரும். ஒவ்வோர் ஆணின் கூட்டிலும் பளபளப்பான நான்கு கபில முட்டைகளை இட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும். அடைகாப்பது ஆண். ஏறத்தாழ 26 நாள் தனியாக அடைகாத்து, பொரித்த குஞ்சுகளைத் தானே வளர்க்கும். ஆபத்து வந்தால் தகப்பன் எச்சரிக்க, குஞ்சுகள் அசையாமல் பதுங்கிக்கொள்ளும்.

கூடு என்று சொல்ல அங்கே அதிகம் ஒன்றும் இருக்காது. மிதக்கும் செடிகளின்மேல் கொஞ்சம் தண்டும் இலையும் சேர்த்த ஈரமான மெத்தை, சில வேளை வெறும் இலை. மழை பெய்து நீர் உயர்ந்தால் கூடும் சேர்ந்து உயரும். இடம் ஆபத்தானது என்று கண்டால், ஆண் பறவை முட்டையைத் தாடைக்கும் மார்புக்கும் இடையில் பிடித்து வேறு இலைக்கு நகர்த்திவிடும்.

இனி இந்தக் குடும்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நீர் ஆழம் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அல்லி வேர் பிடிக்காது. அலை இருக்கக் கூடாது, முட்டை உருண்டுவிடும். ஒரு மாதத்துக்கு மேல் யாரும் செடியை அள்ளக் கூடாது. பல ஆண்களின் எல்லைகள் அடங்குமளவுக்கு அந்த இலைப்பரப்பு விரிந்திருக்க வேண்டும், ஒரு மூலையில் நாலு இலை போதாது. நாயும் பூனையும் எட்டாத தூரம் வேண்டும்.

அழகுபடுத்திய ஒரு குளத்தோடு இதை ஒப்பிடுங்கள். செங்குத்தான கல்கட்டு, சுத்தமாக அள்ளிய நீர்ப்பரப்பு, சுற்றிவர நடைபாதை, இரவெல்லாம் விளக்கு, நடுவில் படகு. இந்தக் குளத்திலும் நீங்கள் பறவைகளைக் காண்பீர்கள். நீர்க்காகம் மீன் பிடிக்கும், கொக்கு கல்லில் நிற்கும், கூழைக்கடா மிதக்கும். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் இலைக்கோழி அங்கே ஒரு முட்டை இடாது. அந்தப் பறவைகள் உண்ண வந்தவை. பெருகுவதற்கு வேறோர் இடம் எங்கோ இன்னும் மிஞ்சியிருப்பதால்தான் அவை இங்கே வருகின்றன. சூழலியலில் பெருகும் இடத்தை ஊற்று என்றும் மற்றதை வடிகால் என்றும் சொல்வதுண்டு. ஊற்றில் பிறப்பு இறப்பை மிஞ்சும். வடிகாலில் இறப்பு பிறப்பை மிஞ்சும், ஆனாலும் ஊற்றிலிருந்து வந்துகொண்டே இருப்பவற்றால் அது நிறைந்தே தோன்றும். ஊற்று அடைபட்ட பிறகும் சில ஆண்டுகள் வடிகாலில் பறவைகள் இருக்கும். பறவைகள் நீண்ட நாள் வாழ்வதால் நமக்கு உடனே தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

மழைதான் நாட்காட்டி

இடம் இருந்தால் மட்டும் போதாது, காலமும் கூட வேண்டும். குளிர் நாடுகளில் பகல் நீளுவதை வைத்து விலங்குகள் பருவத்தை அறிகின்றன. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆகவே பல உயிர்களுக்கு மழையே நாட்காட்டி. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அதற்கு முன் மார்ச், ஏப்ரலிலும், பின் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை.

அந்த மழையை முதலில் கேட்பவை தவளைகள். வீட்டுக் குளியலறைச் சுவரில் சில வேளை ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த கபிலத் தவளை ஒன்றுண்டு. முதுகில் மணற்கடிகை வடிவில் ஒரு கறை இருக்கும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மரத்தவளை அது. மழை பிடித்த இரவில் பெண் தவளை நீருக்கு மேலே நீட்டியிருக்கும் கிளையிலோ தொட்டியின் உட்சுவரிலோ ஏறி, சுரந்த திரவத்தைக் கால்களால் கடைந்து நுரையாக்கி, அந்த நுரைக்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து தோலாகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே நீரில் விழும். கீழே நீர் இல்லாவிட்டால் எல்லாம் வீண். கிணற்றடியில் சவர்க்கார நுரைபோலத் தெரிவதைத் தும்புத்தடியால் தட்டிவிடுகிறவர்கள் பலர். ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே மழையில் இன்னொரு வகைச் சிறு தவளைகள் நீரையே தேடுவதில்லை. இலங்கையின் புதர்த்தவளைகளில் பல இனங்கள் ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும். வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, முழுத் தவளையாகவே வெளியே வரும். இவற்றுக்குக் குளம் தேவையில்லை. சருகு மூடிய, நிழல் பட்ட, காயாத மண் வேண்டும். நாள்தோறும் சருகைக் கூட்டி எரிக்கும் வளவில் அந்த மண் இருக்காது. ஒரே மழை, ஒரே வளவு, இரண்டு தவளைகள், இரண்டு வெவ்வேறு இடங்கள்.

குஞ்சுக்கு என்ன உணவு?

ஊர்க்குருவிகள் வந்து கூடு கட்டட்டும் என்று வீட்டு முகப்பில் வாய் வைத்த மண்முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் இலங்கையில் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் முட்டி இருந்தும் குருவி தங்காத வீடுகள் பல. காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய குருவி அரிசி தின்னும், சோறு தின்னும். குஞ்சு அதைத் தின்று வளராது. முதல் நாட்களில் அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும், தாயும் தகப்பனும் மாறி மாறிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்து, மிஞ்சிய செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால், மண்முட்டி ஒரு கதவில்லாத வெறும் வீடாக நிற்கும். பெற்றோர் உண்பதும் குஞ்சு உண்பதும் வேறாக இருக்கலாம் என்பது இனப்பெருக்க வாழிடத்தைப் பற்றிய பேச்சில் மிக எளிதாக மறந்துபோகும் செய்தி.

பட்ட மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை போன தென்னை ஒன்று வளவில் நின்றால் நமக்கு அது ஆபத்து, அசிங்கம். மரங்கொத்திக்கு அது வீடு கட்டும் காணி. பச்சை மரத்தின் வைரத்தைக் குடைவதைவிட, உளுத்த தண்டைக் குடைவது எளிது. மரங்கொத்தி குடைந்து, குஞ்சு பறந்து, அது விட்டுப்போன பொந்துக்குக் கிளி வரும், மைனா வரும், சிறு ஆந்தை வரும். அவற்றால் தாமாகக் குடைய இயலாது. ஒரு மரங்கொத்தி செய்த வேலையில் பின்னால் பல தலைமுறைகள் குடியிருக்கும். வீட்டின் மேலோ மின்கம்பி மேலோ விழக்கூடிய மரத்தை வெட்டத்தான் வேண்டும். மூலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்பதை விட்டுவிடலாமே.

ஒரு பறவைக்கு இன்னொரு பறவையே வாழிடமாக இருப்பதும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது கொழும்பு முழுக்கக் கூவும் குயிலுக்குச் சொந்தக் கூடு கிடையாது. காகத்தின் கூட்டில் முட்டையிடும். காக முட்டைக்கு முன்பே அது பொரித்துவிடும், காகம் அதை ஊட்டி வளர்க்கும். நகரத்தில் குப்பை பெருகக் காகம் பெருகியது, காகம் பெருகக் குயிலுக்கும் இடம் பெருகியது. நல்லது என்றும் சொல்லாமல் கெட்டது என்றும் சொல்லாமல் இதை அப்படியே கவனித்துக்கொள்ளலாம்: நகரம் சில உயிர்களின் பெருகும் இடத்தை அழிக்கும்போது, வேறு சிலவற்றுக்கு அதைக் கட்டியும் கொடுக்கிறது.

துணை வந்துசேரும் வழி

கொழும்பின் புறநகரில், பலாவும் மாவும் தலை கோத்து நிற்கும் பழைய வளவுகளில், ஊதாமுக மந்தி இன்னும் இருக்கிறது. இலங்கைக்கே உரிய குரங்கு. கொழும்புப் பக்கத்தில் வாழும் அதன் மேற்குத் துணையினம், உலகில் மிக அருகிப்போன 25 குரங்கினங்களின் பட்டியலில் பலமுறை இடம்பெற்றிருக்கிறது. இலை தின்னும் விலங்கு என்பதால் உணவுக்கு மரங்கள் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். குட்டியும் ஈனும். பிறகு ஏன் ஆபத்து?

ஒரு கூட்டத்தில் பொதுவாக வளர்ந்த ஆண் ஒன்று, பெண்கள் பல. இளம் ஆண்கள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டு வெளியேறி வேறு கூட்டம் தேட வேண்டும். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிப் போகப் பழகியவை, நடுவில் நான்கு வழிச் சாலையும் புதிய வீட்டுத்திட்டமும் வந்தால் என்ன செய்யும்? தரையில் இறங்கினால் நாயும் வாகனமும். மேலே போனால் மின்கம்பி. போகாவிட்டால், தலைமுறைக்குத் தலைமுறை நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே குட்டி ஈன்று, நோய்க்கும் குறைபாட்டுக்கும் இடம் கொடுத்துக் கூட்டம் மெலியும். ஆகவே இரண்டு மரத்தோப்புகளுக்கு இடையில் மதிலோரமாக நிற்கும் ஒரு வரிசை மரமும் இனப்பெருக்க வாழிடத்தின் பகுதிதான், அங்கே எந்த மந்தியும் குட்டி ஈனாவிட்டாலும்.

மீன்பிடிப் பூனையும் இந்த நகரத்தில் வாழ்கிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. வீட்டுப் பூனையைவிட இருமடங்குக்கு மேல் பெரிய, புள்ளியும் கோடும் கொண்ட காட்டுப் பூனை. கொழும்பில் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் அலங்கார மீன் பிடித்துப் போனதைக் கண்காணிப்புக் கமரா பதிவு செய்திருக்கிறது. மதிலேறி வந்து இரை தேடும் துணிவு அதற்கு உண்டு. ஆனால் குட்டிகளை அது மதிலோரத்தில் விட முடியாது. ஏறத்தாழ 63 முதல் 70 நாள் சுமந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகளை ஈனும் தாய்க்கு, மனிதன் காலடி படாத அடர்ந்த நாணலும் பற்றையும் வேண்டும். குட்டிகள் தாமாக வேட்டையாடும் வரை, பல மாதங்கள், அந்த மறைவு அங்கே இருக்க வேண்டும். நகரத்தின் ஓரத்தில் "வெறுங்காடு" என்று நாம் சொல்லும் ஒரு துண்டுச் சதுப்புநிலம் அதற்கு மகப்பேற்று அறை.

கூண்டிலும் தொட்டியிலும்

இந்தப் பாடத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மீன்தொட்டி வைத்துப் பார்க்கலாம். கப்பி மீனுக்கு எந்த நிபந்தனையும் இல்லை, நேராகக் குஞ்சு போடும், போத்தலிலும் பெருகும். ஏஞ்சல் மீனுக்கு முட்டை ஒட்டச் செங்குத்தான அகன்ற இலையோ கல்லோ வேண்டும். சண்டை மீனின் ஆண், அசையாத நீரின் மேற்பரப்பில் எச்சில் கலந்த காற்றுக் குமிழ்களை ஊதிக் கூடு கட்டி, முட்டைகளை வாயால் கவ்வி அதில் வைத்துக் காக்கும். நீர் வடிகட்டும் இயந்திரத்தின் ஓட்டம் பட்டால் குமிழ்க்கூடு கலைந்துவிடும். நல்ல உணவு, சுத்தமான நீர், நோயில்லாத உடல் எல்லாம் இருந்தும் சண்டை மீன் பெருகவில்லை என்றால், பலவேளை காரணம் அந்த ஓட்டம்தான்.

பெரிய விலங்குகளிலும் இப்படித்தான். பின்னவல யானைகள் சரணாலயம் 1975 இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கியது. அங்கே முதல் குட்டி பிறந்தது 1984 இல். 2021 இல் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. ஆனால் தனித்தனியாகச் சங்கிலியில் வளர்க்கப்படும் யானைகள் குட்டி ஈன்றது மிக அரிது. இரண்டு இடத்திலும் சாப்பாடு கிடைக்கிறது. பின்னவலயில் கூட்டம் இருக்கிறது, ஆணும் பெண்ணும் கலந்து பழக வழி இருக்கிறது, குட்டியைச் சுற்றி நிற்க மற்றப் பெண் யானைகள் இருக்கின்றன, குளிக்க மா ஓயா இருக்கிறது. பூநாரைகளும் கூட்டம் சிறியதாக இருந்தால் கூடு கட்டத் தயங்கும். சில மிருகக்காட்சிச்சாலைகள் கண்ணாடிகளை நிறுத்தி, கூட்டம் பெரிதாகத் தோன்றச் செய்து அவற்றை முட்டையிட வைத்திருக்கின்றன. உயிரோடு வைத்திருப்பதற்கும் பெருக வைப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

நம் நகரத்தில் மிஞ்சியிருப்பவை

கொழும்பைச் சுற்றி இந்த இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பது பெரிய பேறு. பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஓயாப் பகுதி 1985 இல் பறவைகள் சரணாலயமானது. பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் 1990 இல் சரணாலயமானது. தலங்கம குளமும் அதைச் சுற்றிய வயல்களும் 2007 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாயின. நகரத்துக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்புநிலம் இருக்கிறது. 2018 இல் உலகில் முதன்முறையாக 18 நகரங்கள், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டபோது, கொழும்பு அவற்றில் ஒன்று.

சட்டத்தில் இருப்பதெல்லாம் நிலத்தில் அப்படியே இருப்பதில்லை. ஓரங்களில் மண் நிரப்புவது ஒரு பக்கம். மறுபக்கம், ஆளில்லாமல் நடக்கும் மாற்றம். வெல் ஆத்தா என்று சிங்களத்தில் சொல்லப்படும் வெளிநாட்டுச் சதுப்புச் சீத்தா மரம், மிதக்கும் பழங்களால் நீர்வழியே பரவி, திறந்த புல்வெளிச் சதுப்பை மூடிய சிறுகாடாக மாற்றிக்கொண்டு வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. கொக்குகளும் நீர்க்காகங்களும் மாலையில் அந்தக் கிளைகளில் அடைவதையும் காணலாம். இலைக்கோழிக்கு அங்கே இடமில்லை. பச்சையாக இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், யாருக்கு ஏற்ற பச்சை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சதுப்புநிலத்தை மூடினால் டெங்கு குறையும் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. முதலில் பார்த்ததை நினைவில் கொள்ளுங்கள்: டெங்கு நுளம்புக்குப் பிடித்தது பூச்சாடித் தட்டும் அடைபட்ட பீலியும் எறிந்த டயரும். மீனும் தும்பியின் இளம்புழுவும் நிறைந்த விரிந்த சதுப்பு அதற்குத் தோதான இடமல்ல. மீனும் தும்பியும் நுளம்புப் புழுவைத் தின்று வாழ்கின்றன. அந்தச் சதுப்பை நிரப்பி வீடு கட்டினால் பீலிகளும் தொட்டிகளும்தான் கூடும்.

எப்படிப் பார்த்து அறிவது?

ஓரிடத்தில் ஒரு பறவை பெருகுகிறதா, வெறுமனே உண்டுபோகிறதா என்று அறியச் சில குறிகள் உண்டு. அலகில் இரை வைத்திருந்தும் விழுங்காமல் பறந்தால், எங்கோ ஒரு வாய் திறந்து காத்திருக்கிறது. புல்லோ நாரோ கவ்விக்கொண்டு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போனால், கூடு கட்டுகிறது. இலைக்கோழிக்கு நீண்ட வால் வந்துவிட்டால் காலம் தொடங்கிவிட்டது. ஆட்காட்டிக் குருவி உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் ஓடினாலோ, அப்படியே நின்றுவிடுங்கள். அதன் முட்டைகள் வெறுந்தரையில், மண்ணோடு மண்ணான நிறத்தில், உங்கள் காலுக்கு அருகிலேயே இருக்கக்கூடும். வந்த வழியே மெதுவாகத் திரும்ப வேண்டும்.

கூட்டைக் கண்டால் கிட்டப் போக வேண்டாம். நீங்கள் போன தடத்தைப் பிடித்துக் காகமும் நாயும் வரும். தாய்ப் பறவை எழுந்து பறந்தால், வெயிலில் முட்டை சூடேறக் கொஞ்ச நேரம் போதும். கூட்டின் படத்தை இடத்தின் பெயரோடு பகிர வேண்டாம். இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளோடு அவற்றின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தொடங்குவதற்குத் தலங்கம நல்ல இடம். காலை ஆறரைக்கு முன் போய்விடுங்கள், தொலைநோக்கி ஒன்று இருந்தால் கொண்டுபோங்கள். முதலில் பறவைகளை எண்ணாமல் குஞ்சுகளைத் தேடுங்கள். நாமக்கோழிக்குப் பின்னால் கறுப்புப் பஞ்சுருண்டைகள் நீந்துகின்றனவா, நீலத் தாழைக்கோழி நாணலுக்குள் தண்டு இழுத்துப் போகிறதா, அல்லி இலைகளுக்கு நடுவே ஓர் ஆண் இலைக்கோழி நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு, அடுத்த மாதமும் அதே இடத்துக்குப் போங்கள்.